சீட்டுக்கு அடியில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, பாராசூட் ஏன் இல்லை?

விமானம் கிளம்பும் முன் பணிப்பெண்கள் நின்று செய்து காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சீட் பெல்ட் போடுவது, ஆக்ஸிஜன் முகமூடி மாட்டுவது, சீட்டுக்கு அடியில் இருக்கும் லைஃப் ஜாக்கெட்டை எடுப்பது. பறப்பது வானத்தில், கொடுப்பதோ தண்ணீரில் மிதக்கிற ஜாக்கெட். பாராசூட்டைப் பற்றிப் பேச்சே கிடையாது. முதல்முறை விமானம் ஏறுகிற பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும். பெரிய விபத்து ஏதாவது நடந்த மறுநாள் அதே கேள்வி கோபத்தோடு வரும்: "இத்தனை கோடி போட்டு விமானம் வாங்குகிறார்களே, ஆளுக்கொரு பாராசூட் வாங்கி வைக்க முடியாதா?"

நியாயமான கேள்விதான். செலவுக்குப் பயந்துதான் வைக்கவில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். செலவும் ஒரு காரணம், ஆனால் அது வரிசையில் கடைசியில் நிற்கிறது. செலவே இல்லாமல் இலவசமாகக் கொடுத்தாலும் பாராசூட்டால் பெரிதாக யாரும் பிழைத்திருக்க மாட்டார்கள். ஏன் என்று பார்ப்போம்.

விமான விபத்து என்றதும் நம் மனதில் ஓடுகிற காட்சி ஒன்று உண்டு. நடுவானில் ஏதோ வெடிக்கிறது, விமானம் மூக்கு குப்புறக் கீழே விழுகிறது. இது சினிமா கற்றுக்கொடுத்தது. போயிங் நிறுவனம் உலகம் முழுக்க நடந்த ஜெட் விமான விபத்துகளை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடுகிறது. அதில் வருஷத்துக்கு வருஷம் பெரிதாக மாறாத ஒரு கணக்கு இருக்கிறது. உயிர்ச்சேதம் ஏற்பட்ட விபத்துகளில் ஏறக்குறைய பாதி, ரன்வேயை நெருங்கும் கடைசி நிமிடங்களிலும் இறங்கும்போதும் நடக்கிறது. மொத்தப் பயண நேரத்தில் அந்தக் கட்டம் நூற்றில் நான்கு பங்குதான். புறப்பட்டு மேலேறும் நேரம் இன்னொரு பங்கை எடுத்துக்கொள்கிறது. உயரத்தில் நேராகப் பறக்கும் நேரம்தான் பயணத்தில் பாதிக்கு மேல். ஆனால் விபத்தில் அதன் பங்கு சுமாராகப் பத்தில் ஒன்று.

இந்தியாவில் நடந்தவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010 மே 22, மங்களூர்: ரன்வேயில் இறங்கிய விமானம் நிற்காமல் ஓடிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு: கொட்டும் மழையில் கிட்டத்தட்ட அதே கதை, 21 பேர். 2025 ஜூன் 12, அகமதாபாத்: தரையை விட்டு எழும்பிச் சுமார் அரை நிமிடம், போன உயரம் 625 அடி, அவ்வளவுதான். உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். இந்த மூன்றில் எதிலாவது முதுகில் பாராசூட் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திருக்காது. சீட் பெல்ட்டைக் கழற்றி எழுந்து நிற்கக்கூட நேரமில்லை.

சரி, மீதி இருக்கிற பத்தில் ஒரு பங்கைப் பார்க்கலாம். விமானம் நல்ல உயரத்தில் இருக்கிறது, ஏதோ பெரிய கோளாறு. இப்போதாவது குதிக்கலாமா?

35,000 அடியில் கதவைத் திறந்தால்

முதலில் கதவு திறக்காது. மேலே காற்று மெல்லியது என்பதால் கேபினுக்குள் காற்றை அழுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வித்தியாசம், ஒரு சதுர மீட்டருக்கு ஐந்தரை டன் எடை வைத்ததற்குச் சமம். ஒரு கதவு ஒன்றரை சதுர மீட்டர் என்று வைத்தாலும் எட்டு டன்னுக்கு மேல் போகிறது. பெரும்பாலான விமானக் கதவுகள் முதலில் கொஞ்சம் உள்பக்கம் நகர்ந்த பிறகுதான் வெளியே திறக்கும் வகையில் செய்யப்பட்டவை. எட்டு டன்னை எதிர்த்து உள்பக்கம் இழுக்க எந்தப் பயில்வானாலும் ஆகாது. 2023 மே மாதம் தென்கொரியாவில் ஒரு பயணி பறக்கும் விமானத்தின் கதவைத் திறந்துவிட்டாரே என்று கேட்பீர்கள். அந்த விமானம் தேகு நகரில் இறங்கப் போகிற நேரம், உயரம் சுமார் 700 அடி. அங்கே உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் திறந்துகொண்டது. கதவு திறந்தபடியே விமானம் பத்திரமாக இறங்கியும் விட்டது.

எப்படியோ கதவு திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கும் அதிகம். அந்த உயரத்தில் ஆக்ஸிஜன் இல்லாமல் ஒரு ஆள் தெளிவோடு ஏதாவது செய்ய முடிகிற நேரம் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். அதற்குப் பிறகு உயிர் இருக்கும், புத்தி வேலை செய்யாது. பாராசூட்டின் கைப்பிடி எங்கே என்று தேட வேண்டிய நேரத்தில் கை எது, கால் எது என்றே புரியாது. விமானத்தின் வேகமோ மணிக்கு 850 கி.மீ.

அப்புறம் கதவு இருக்கும் இடம். ஏர்பஸ் ஏ320 போன்ற விமானத்தில் முன்கதவு வழியாகக் குதிப்பவருக்குப் பின்னால் இறக்கையும் இன்ஜினும் வரும். பின்கதவு வழியாகக் குதிப்பவருக்கு வால் பக்கத்துச் சிறு இறக்கை அடுத்த கணமே எதிரில் வரும். ராணுவத்தின் பாராசூட் வீரர்கள் குதிக்கிற விமானங்களில் இறக்கையை உடலுக்கு மேலே வைத்து, பின்பக்கத்தைத் தூக்கலாகச் செய்திருப்பதைக் கவனித்திருக்கலாம். சி-130 விமானத்திலிருந்து குதிக்கும்போது வேகத்தை மணிக்கு 240 கி.மீ. அளவுக்குக் குறைப்பார்கள். வீரர்களின் பாராசூட்டை விமானத்தோடு கட்டிய ஒரு கயிறே இழுத்துத் திறந்துவிடும். அவ்வளவு வசதி இருந்தும் இந்திய வீரர்களை ஆக்ராவில் உள்ள பயிற்சிப் பள்ளியில் வைத்துப் பழக்கிய பிறகுதான் வானத்துக்கே அனுப்புகிறார்கள்.

ஆகவே பயணிகள் குதிக்க வேண்டுமானால் விமானம் முதலில் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். வேகம் 250 கி.மீ. அளவுக்குக் குறைய வேண்டும். குலுங்காமல் நேராகப் பறக்க வேண்டும். அதுவும் எல்லோரும் குதித்து முடிகிற வரை. 180 பேர், இரண்டு பின்கதவுகள், இரண்டு விநாடிக்கு ஒருவர் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் மூன்று நிமிடம். குழந்தையைக் கையில் வைத்திருக்கும் தாய், முட்டிவலிக்காரர், கதவுவரை வந்து "நான் மாட்டேன்" என்று கம்பியைப் பிடித்துக்கொள்கிறவர் எல்லாரும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். அந்த மூன்று நிமிடத்தில் விமானம் 12 கி.மீ. போயிருக்கும். முதல் ஆள் வயலில் விழுந்தால் கடைசி ஆள் கடலிலோ மின்கம்பியிலோ விழுவார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 10,000 அடியில், மெதுவாக, ஆடாமல் அசையாமல், பல நிமிடங்கள் பறக்க முடிகிற விமானத்தை எதற்கு விட்டுக் குதிக்க வேண்டும்? அதை ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிடலாமே! பாராசூட் கேட்கிற நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறினால் பாராசூட்டே தேவைப்படாது. அவை நிறைவேறாத நேரத்தில் அதைப் பயன்படுத்த முடியாது. எனக்குத் தெரிந்தவரை இந்த விவாதத்தின் முடிச்சே இதுதான்.

இன்ஜின் நின்றால் விமானம் விழுந்துவிடாது

இன்ஜின் நின்றதும் விமானம் கல் மாதிரி விழும் என்று நினைப்பதால்தான் பாராசூட் அவசியம் என்று தோன்றுகிறது. உண்மையில் அது சறுக்கிக்கொண்டே இறங்கும். ஒரு கி.மீ. உயரம் குறைவதற்குள் 15 கி.மீ.க்கு மேல் முன்னால் போய்விடும். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடியில் எரிபொருள் தீர்ந்துபோய், கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானத் தளத்தில் இறங்கியது. 69 பேரும் பிழைத்தார்கள். 2001 ஆகஸ்ட் 24 அன்று ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏ330, அட்லாண்டிக் கடலுக்கு மேலே இரண்டு இன்ஜினும் நின்று, சுமார் 120 கி.மீ. சறுக்கி அசோரஸ் தீவில் இறங்கியது. 306 பேரில் ஒருவரும் சாகவில்லை. பாராசூட் இருந்து, பயத்தில் எல்லோரும் குதித்திருந்தால்? ராத்திரி நேரம், நடுக்கடல்.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் நியூயார்க்கின் ஹட்சன் ஆறு. 2009 ஜனவரி 15, யு.எஸ். ஏர்வேஸ் 1549, அதே ஏ320 ரகம். கிளம்பிச் சில நிமிடங்களில் சுமார் 2,800 அடியில் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு இன்ஜினும் போயின. அங்கிருந்து ஆற்றில் இறங்கும் வரை பைலட் சல்லன்பெர்கருக்குக் கிடைத்தது 208 விநாடிகள். 155 பேரும் தப்பினார்கள். இதில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற விஷயம் ஒன்று உண்டு. சீட்டுக்கு அடியில் இருந்த லைஃப் ஜாக்கெட்டைக்கூடப் பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தில் எடுத்துச் சரியாக மாட்டவில்லை. தலை வழியாகப் போட்டு இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டினால் முடிகிற வேலை அது. பாராசூட் என்றால் தோளுக்கு இரண்டு பட்டை, தொடைக்கு இரண்டு பட்டை, நெஞ்சுக்கு ஒன்று. ஒன்று தளர்ந்திருந்தாலும் திறக்கும்போது ஆள் நழுவிவிடலாம்.

பயிற்சி இல்லாதவர் கையில் பாதுகாப்புக் கருவியே ஆபத்தாக மாறுவதும் நடந்திருக்கிறது. 1996 நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவருகே கடலில் இறங்கி உடைந்தது. வெளியே வந்த பிறகே ஊத வேண்டிய லைஃப் ஜாக்கெட்டைச் சிலர் உள்ளேயே ஊதிவிட்டார்கள். தண்ணீர் புகுந்ததும் ஜாக்கெட் அவர்களைக் கூரையோடு சேர்த்து அழுத்திவிட்டது, முங்கி வெளியே வர முடியவில்லை. கேபினுக்குள் ஒரே ஒரு பாராசூட் தவறி விரிந்தால் நடைபாதை என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு எதிர்க்கேள்வி கேட்பார்கள்: ஜப்பான் ஏர்லைன்ஸ் 123? கேட்க வேண்டிய கேள்விதான். 1985 ஆகஸ்ட் 12 அன்று அந்த போயிங் 747-இன் வால் பகுதி நடுவானில் பிய்ந்துபோனது. விமானத்தைத் திருப்பவும் ஏற்றவும் இறக்கவும் உதவும் ஹைட்ராலிக் குழாய்கள் நான்கும் சேர்ந்து போயின. அதற்கப்புறமும் பைலட்டுகள் இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே 32 நிமிடம் பறக்க வைத்தார்கள். கடைசியில் மலையில் மோதி, 524 பேரில் 4 பேர் மட்டும் மிஞ்சினார்கள். பாராசூட்டுக்கு ஆதரவாக வாதாடுகிறவர்களுக்கு இதைவிட வலுவான உதாரணம் கிடையாது. நேரம் இருந்தது, உயரம் இருந்தது, இறக்க வழி இல்லை.

ஆனால் அந்த 32 நிமிடமும் விமானம் ஆயிரக்கணக்கான அடி ஏறி இறங்கி, பக்கவாட்டில் சாய்ந்து ஆடிக்கொண்டே போனது. கீழே மலைக்காடு, இருட்டிக்கொண்டு வரும் நேரம். அப்படியும் 520-இல் ஒரு பத்துப் பேராவது குதித்துப் பிழைத்திருக்கலாம் என்றால் நான் மறுக்க மாட்டேன். அந்தப் பத்துப் பேருக்காக உலகத்தில் உள்ள எல்லா விமானத்திலும் எல்லா சீட்டிலும் பாராசூட் வைப்பதா என்பதுதான் கேள்வி. விபத்துக்கு மூலகாரணம் ஏழு வருஷத்துக்கு முன், 1978-இல், வாலின் உள்தடுப்புச் சுவரில் செய்த அரைகுறைப் பழுது. இரண்டு வரிசை ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) தாங்க வேண்டிய பாரத்தை ஒரு வரிசை தாங்கிக்கொண்டிருந்தது. அந்த ரிவெட்டைச் சரியாக அடித்திருந்தால் 520 பேரும் பிழைத்திருப்பார்கள்.

குதித்த ஒருவர்

பயணிகள் விமானத்திலிருந்து பாராசூட்டில் யாருமே குதித்ததில்லையா என்றால், குதித்திருக்கிறார்கள். அவர்கள் கொள்ளைக்காரர்கள். 1971 நவம்பர் 24 அன்று அமெரிக்காவில் டேன் கூப்பர் என்ற பெயரில் டிக்கெட் எடுத்த ஒருவர், பையில் குண்டு இருப்பதாகச் சொல்லி போயிங் 727 ஒன்றைக் கடத்தினார். சியாட்டிலில் பயணிகளை இறக்கிவிட்டு 2 லட்சம் டாலரும் நான்கு பாராசூட்டுகளும் வாங்கிக்கொண்டார். பிறகு பைலட்டுகளுக்குச் சொன்ன உத்தரவுகள்தான் சுவாரஸ்யம். 10,000 அடிக்கு மேல் போகக் கூடாது. சக்கரம் வெளியே இருக்க வேண்டும். மெதுவாகப் பறக்க உதவும், இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகள் (ஃபிளாப்) 15 டிகிரி இறங்கியிருக்க வேண்டும். கேபினில் காற்றழுத்தம் வேண்டாம். அதாவது, மேலே நாம் பார்த்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக ஆர்டர் கொடுத்து வாங்கியிருக்கிறார்! 727-க்கு வாலுக்கு அடியில் ஒரு படிக்கட்டு உண்டு. இறக்கையும் இன்ஜினும் வாலும் குறுக்கே வராது. அதை இறக்கி, மழை பெய்யும் ராத்திரியில் குதித்தார்.

ஆள் கிடைக்கவே இல்லை. 1980-இல் கொலம்பியா ஆற்றங்கரையில் ஒரு சிறுவனுக்கு அந்தப் பணத்தில் 5,800 டாலர் கிடைத்தது, அதோடு சரி. அவரைப் பார்த்து இன்னும் சிலர் அதே வழியில் இறங்கவும், பறக்கும்போது அந்தப் படிக்கட்டைத் திறக்க முடியாதபடி 727-இல் ஒரு தகட்டைப் பொருத்தினார்கள். அதற்குக் கூப்பர் பெயரே நிலைத்துவிட்டது. இப்போதைய பயணிகள் விமானங்களில் பெரும்பாலானவற்றில் அந்தப் படிக்கட்டே கிடையாது.

விமானத்துக்கே ஒரு பாராசூட்?

ஆளுக்கு ஒன்று வேண்டாம், விமானத்துக்கு ஒன்று மாட்டினால் என்ன? பயணிகள் பகுதி மட்டும் தனியாகக் கழன்று பாராசூட்டில் மிதந்து இறங்குவது போன்ற வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. அது கம்ப்யூட்டரில் வரைந்தது. ஆனால் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் உண்மையிலேயே இருக்கிறது, வேலையும் செய்கிறது.

அமெரிக்காவின் போரிஸ் போபோவ் 1975-இல் கிளைடரில் பறக்கும்போது அது மடங்கி ஏரியில் விழுந்து பிழைத்தவர். 1980-இல் சிறு விமானங்களுக்கான பாராசூட் நிறுவனம் தொடங்கினார். ஆலன் கிளாப்மையர் என்பவர் 1985-இல் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதி, இறக்கையின் ஒரு பகுதி போயும் இறங்கிவிட்டார். மற்ற விமானத்தின் பைலட் இறந்துபோனார். பிற்பாடு கிளாப்மையரும் தம்பி டேலும் நடத்திய சிரஸ் நிறுவனம் தன் விமானங்களில் பாராசூட்டைக் கட்டாயப் பொருளாகவே வைத்தது. கூரையில் உள்ள சிவப்புக் கைப்பிடியை இழுத்தால் சின்ன ராக்கெட் ஒன்று பாராசூட்டை வெளியே இழுக்கும். இதனால் பிழைத்தவர்கள் 200 பேருக்கு மேல்.

அந்த சிரஸ் எஸ்ஆர்22-இன் எடை சுமார் ஒன்றரை டன், நான்கைந்து பேர் உட்காரலாம். பாராசூட்டின் பரப்பு 2,400 சதுர அடி. சென்னைக் கணக்கில் சரியாக ஒரு கிரவுண்டு. இவ்வளவு இருந்தும் அது நிமிடத்துக்கு 1,700 அடி வேகத்தில் இறங்குகிறது. 12 அடி உயரத்திலிருந்து குதித்தால் விழுகிற அடி அது. மீதியைச் சக்கரமும் சீட்டும் வாங்கிக்கொள்ளும்.

நிரம்பிய ஏ320-இன் எடை 78 டன். எடை ஐம்பது மடங்கு என்றால், அதே வேகத்தில் இறங்கப் பரப்பும் ஐம்பது மடங்கு வேண்டும். ஐம்பது கிரவுண்டு, அதாவது மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான துணி. அதை எங்கே மடித்து வைப்பது, சிக்காமல் எப்படி விரிப்பது? இத்தனை பெரிய எடையைப் பாராசூட்டில் இறக்கிய அனுபவம் நாசாவுக்கு உண்டு. 2011 வரை பறந்த ஸ்பேஸ் ஷட்டிலின் பூஸ்டர் ராக்கெட் காலியான பிறகு சுமார் 90 டன் இருந்தது. 136 அடி விட்டமுள்ள மூன்று பாராசூட்டில் அது கடலில் வந்து விழுந்த வேகம் மணிக்குச் சுமார் 80 கி.மீ. வெறும் இரும்புக் குழாய், அதனால் பரவாயில்லை. உள்ளே ஆட்கள் இருந்தால் கதை வேறு.

வேகமும் ஒரு தடை. ஆரம்பகால எஸ்ஆர்22-இல் பாராசூட்டை இழுக்கச் சொல்லியிருக்கும் உச்ச வேகம் மணிக்கு சுமார் 246 கி.மீ. வேகம் இரண்டு மடங்கானால் துணியின் மேல் விழும் இழுப்பு நான்கு மடங்காகும். சிறிய விமானங்களில் இந்த ஏற்பாடு மெல்ல மெல்லப் பெரிதாகி வருகிறது என்பதும் உண்மை. சிரஸ் நிறுவனத்தின் சிறிய ஜெட்டிலும் பாராசூட் உண்டு, அதன் எடை 2.7 டன். அங்கிருந்து 78 டன் ரொம்ப தூரம்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கான பாராசூட் ஒன்று எட்டு கிலோ என்றால் 180 பேருக்கு 1,440 கிலோ, ஏறக்குறைய இருபது பயணிகளின் எடை. அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் பிரித்துச் சோதித்து, சான்று பெற்ற ஆள் திரும்ப மடிக்க வேண்டும். இதெல்லாம் டிக்கெட்டில்தான் வந்து நிற்கும்.

இந்தப் பணமும் எடையும் விபத்து உண்மையில் நடக்கிற இடத்துக்கு, அதாவது தரைக்கு, போயிருக்கின்றன. 1983-இல் சின்சினாட்டியில் தீப்பிடித்தபடி இறங்கிய ஏர் கனடா விமானத்தில் புகையில் வழி தெரியாமல் பாதிப் பேர் இறந்தார்கள். தரையில் வழிகாட்டும் விளக்கும் சீக்கிரம் தீப்பிடிக்காத சீட்டு மெத்தையும் விதியாக வந்ததற்கு அந்த விபத்து ஒரு காரணம். 1988-இல் அமெரிக்கா, புதிதாக வடிவமைக்கும் விமானங்களின் சீட்டுகள் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு அதிர்ச்சியைத் தாங்க வேண்டும் என்றது. பாதிக் கதவுகளை மட்டும் வைத்துக்கொண்டு 90 விநாடியில் எல்லோரும் வெளியேற முடியும் என்று புது ரக விமானங்கள் நிரூபித்தாக வேண்டும். 2006-இல் ஏ380-க்கு ஹாம்பர்க்கில் நடந்த சோதனையில் 873 பேர் 78 விநாடியில் வெளியே வந்தார்கள்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இது நிஜமாகவே சோதிக்கப்பட்டது. இறங்கிய ஏ350 விமானம் ரன்வேயில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின் மேல் மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். ஏ350-இன் எட்டுக் கதவுகளில் மூன்றுதான் பயன்படும் நிலையில் இருந்தன. உள்ளே இருந்த 379 பேரும், மேலே வைத்த பையை அப்படியே விட்டுவிட்டு, அந்த மூன்று கதவு வழியாகவே சறுக்கி இறங்கித் தப்பினார்கள்.